எந்த நஞ்சுக்கு எந்த உடை?



2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் 7ஆம் நாள். ஜொகூர் மாநிலத்தின் தென்கோடியில் உள்ள பாசிர் கூடாங் வட்டாரத்தில், கிம் கிம் ஆற்றுக்கு அருகிலிருந்த பள்ளிகளில் பிள்ளைகளுக்குத் திடீரென்று மூச்சுத் திணறியது. தலை சுற்றியது. குமட்டலும் வாந்தியும் கண்டன. ஆசிரியர்களும் தப்பவில்லை. லாரியில் கொண்டுவந்த இரசாயனக் கழிவை யாரோ ஆற்றில் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். நான்கு நாள் கழித்து, 11ஆம் நாள், பாதிப்பு இரண்டாம் முறையாகக் கிளம்பியது. 13ஆம் நாள் பாசிர் கூடாங்கின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. அந்நாட்களில் மருத்துவமனைக்குச் சென்றவர்கள் மட்டும் 2,700 பேருக்கு மேல்.

ஆற்றங்கரையில் அப்போது இரண்டு விதமான மனிதர்கள் தென்பட்டார்கள். ஒரு சாரார், தலை முதல் கால் வரை மூடிய உடையும் முதுகில் காற்று உருளையும் சுமந்து வந்த தீயணைப்பு மீட்புத் துறையின் இரசாயன அபாயப் பிரிவினர். மற்றொரு சாரார், மூக்கில் கைக்குட்டையும் மெல்லிய முகமூடியும் வைத்துக்கொண்டு நின்ற ஊர்மக்கள். நடுவே இருந்தது ஓர் உடை. அந்த உடை எதனால் ஆனது? எல்லா நஞ்சையும் அது தடுக்குமா? நம் தோட்டத்தில் மருந்தடிப்பவருக்கும், பால் ஸ்டோரில் ஆசிட் ஊற்றுபவருக்கும் அதில் ஏதாவது பாடம் உண்டா? இந்தக் கேள்விகளின் வரலாற்றைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

பாசிர் கூடாங் நமக்கு அந்நிய ஊர் அல்ல. மாசாய், உலு திராம் என்று அதைச் சுற்றியுள்ள பெயர்களெல்லாம் பால்மரக் காட்டோடு பிறந்த பெயர்கள். 1977ஆம் ஆண்டில் அங்கே ஜொகூர் துறைமுகம் திறக்கப்பட்டது. தொழிற்சாலைகள் எழுந்தன. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பலர் அந்தத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். பாட்டி தோட்டத்தில் மருந்தடித்தவர். பேரன் தொழிற்சாலையில் இரசாயனப் பீப்பாயை நகர்த்துபவன். இரசாயனம் இரண்டு தலைமுறைக்கும் பொதுவான வேலைத் தோழனாகிவிட்டது.

முதலில் பாட்டியின் கதையைப் பார்ப்போம்.

ரப்பர்த் தோட்டங்களின் பெரிய பகை லாலான் புல். அதை மண்வெட்டியால் வெட்டினாலும் வேர் மண்ணுக்குள் ஓடி மறுபடி முளைக்கும். அதனால் தோட்ட நிர்வாகங்கள் நஞ்சை நாடின. பல ஆண்டுகள் சோடியம் ஆர்சனைட் என்னும் பாஷாண உப்பைக் கரைத்துத் தெளித்தார்கள். மனிதர், மாடு, கோழி என்று எதையும் பார்க்காமல் கொல்லும் நஞ்சு அது. பிறகு 1962ஆம் ஆண்டில் ஒரு பிரிட்டிஷ் நிறுவனம் பாராகுவாட் என்னும் களைக்கொல்லியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பாஷாணத்தைவிட இது மேல் என்று தோட்டங்கள் அதை வரவேற்றன. புல் ஓரிரு நாளில் கருகியது. ஆனால் இந்த மருந்து உடலுக்குள் சென்றால் நுரையீரலைக் கெடுத்துவிடும், முறிமருந்து கிடையாது. புண்ணுள்ள தோலில் தொடர்ந்து பட்டால் அந்த வழியாகவும் அது உள்ளே புகும்.

இந்த மருந்தை முதுகில் சுமந்து அடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் உடுத்தியது என்ன? கணவரின் பழைய நீளக்கைச் சட்டை, இடுப்பில் கைலி, தலையிலும் முகத்திலும் சுற்றிய துண்டு. வெயிலுக்கும் கொசுவுக்கும் அது போதும். மருந்துக்குப் போதாது. பருத்தியின் குணம் நீரை உறிஞ்சுவது. வியர்வையை உறிஞ்சுவதால்தான் நமக்குப் பருத்தி பிடிக்கிறது. அதே குணத்தால் பம்பிலிருந்து ஒழுகும் மருந்தையும் அது உறிஞ்சி, வேலை முடியும்வரை தோலோடு ஒட்டிவைத்திருக்கும். நனைந்த துணி கவசம் ஆகாது. அது நஞ்சில் தோய்த்த பற்று. தோலால் செய்த சப்பாத்துக்கும் இதே குறைதான். ஒருமுறை நஞ்சை உறிஞ்சிவிட்டால் கழுவினாலும் முழுதும் போகாது.

அப்படியானால் நீர் புகாத துணி வேண்டும். அந்தத் துணியின் கதை, நாம் வெட்டிய பால்மரத்தின் கதையேதான்.

1823ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் சார்லஸ் மெக்கின்டாஷ் என்பவர் ஒரு வித்தை கண்டுபிடித்தார். நிலக்கரித் தாரிலிருந்து வடித்த நாப்தா என்னும் எண்ணெயில் ரப்பரைக் கரைத்தார். அந்தப் பசையை இரண்டு துணிகளுக்கு நடுவே தடவி ஒட்டினார். மழை புகாத மேலங்கி பிறந்தது. ஆனால் அது வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. 1839ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அந்தக் குறை தீரும் என்று கண்டார். 1877ஆம் ஆண்டில் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு வந்து சேர்ந்தன. அந்தச் செடிகளின் வழித்தோன்றல்களைத்தான் பிற்பாடு ஜொகூரிலும் மலாயா முழுவதிலும் நம் முன்னோர் வெட்டினார்கள்.

ரப்பர்க் கையுறை மருத்துவமனைக்குள் எப்படி வந்தது என்பது சுவையான செய்தி. 1889, 1890 வாக்கில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவருக்குத் துணையாகக் கரோலின் ஹேம்ப்டன் என்ற தாதி பணியாற்றினார். கிருமியைக் கொல்ல அவர்கள் பயன்படுத்திய பாதரச உப்புக் கரைசல் அந்தத் தாதியின் கைத்தோலைப் புண்ணாக்கியது. அவருடைய கைகளைக் காக்கவே, குட்இயர் ரப்பர் நிறுவனத்திடம் சொல்லி மெல்லிய ரப்பர்க் கையுறைகளை ஹால்ஸ்டெட் செய்வித்தார். நோயாளியைக் கிருமியிலிருந்து காக்கும் கருவி என்று நாம் இன்று நினைக்கும் கையுறை, ஒரு தொழிலாளியின் கையை இரசாயனத்திலிருந்து காக்கப் பிறந்தது.

2020ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் உலகத்தின் ரப்பர்க் கையுறைகளில் பாதிக்கும் மேலானவை மலேசியாவில் செய்யப்பட்டன. ஆனால் பால் ஸ்டோரில் வெறுங்கையால் பாலில் ஆசிட் கலந்து, விரல் வெந்து, தோல் உரிந்த தாய்மார்கள் எத்தனை பேர் என்பது நம் லயத்துக்குத்தான் தெரியும். பாலை உறைய வைக்கும் அந்த ஃபார்மிக் அமிலத்தை நீர் கலந்து பயன்படுத்தும்போது, கெட்டியான ரப்பர்க் கையுறையே நல்ல காவல். நம் மரத்தின் பால் அந்த வேலைக்குப் பொருத்தமானது.

ஆனால் ரப்பர் எல்லாவற்றையும் தடுக்கும் என்று நம்பிவிடக் கூடாது. மெக்கின்டாஷ் ரப்பரை எதில் கரைத்தார்? நிலக்கரித் தார் எண்ணெயில். அந்த எண்ணெயில் இருப்பவை பென்சீன், டொலுவீன், சைலீன் போன்ற திரவங்கள். 2019இல் கிம் கிம் ஆற்றுப் பகுதியில் கண்டறியப்பட்ட பொருள்களின் பட்டியலிலும் இதே மூன்று பெயர்கள் இருந்தன. ரப்பரைக் கரைக்கப் பயன்பட்ட திரவத்தை ரப்பரைக் கொண்டே எப்படித் தடுக்க முடியும்? இனம் இனத்தோடு சேரும் என்பார்கள். ரப்பரும் எண்ணெய் இனம். பெட்ரோல், தின்னர், பென்சீன் எல்லாம் அதே இனம். அவை பட்டால் ரப்பர் உப்பும்; இளகும்; வழி விடும்.

இந்த இடத்தில் ஒரு நுட்பத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். ஓர் உடை மூன்று வகையில் தோற்றுப்போகலாம். முதலாவது, ஓட்டை வழியாக ஒழுகுவது. தையல், ஜிப்பு, ஊசித்துளை, கிழிசல் ஆகியவை அதன் வாசல்கள். இது கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது, பொருளே கெட்டுப்போவது. கையுறை உப்பிக் கொழகொழவென்று ஆகும், அல்லது காய்ந்து வெடிக்கும். இதுவும் கண்ணுக்குத் தெரியும். மூன்றாவதுதான் ஆபத்தானது. ஓட்டையும் இல்லை, கெடவும் இல்லை. ஆனாலும் நஞ்சு அணு அணுவாகப் பொருளுக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியேறிவிடும். பிறந்தநாளுக்கு ஊதிக் கட்டிய பலூன் இரண்டு நாளில் சுருங்கிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். முடிச்சு அவிழவில்லை, ஓட்டையும் இல்லை. காற்று ரப்பரின் ஊடாகவே வெளியேறிவிட்டது. நஞ்சும் அப்படித்தான் உள்ளே வரும்.

இதற்கு உலகம் மறக்க முடியாத சான்று ஒன்று உண்டு. 1996ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14ஆம் நாள், அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் வேதியியல் பேராசிரியை கேரன் வெட்டர்ஹான் ஆய்வு செய்துகொண்டிருந்தார். டைமீதைல் பாதரசம் என்ற நஞ்சின் ஓரிரு துளிகள் அவருடைய கையுறை மேல் சிந்தின. அவர் விதிப்படி ரப்பர்க் கையுறை அணிந்திருந்தார். அதைக் கழற்றிக் கையைக் கழுவிக்கொண்டார். சில மாதங்களில் நடை தடுமாறியது, பேச்சு குழறியது. 1997ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் அவர் இறந்தார். வயது 48. பிறகு சோதித்துப் பார்த்தபோது, அந்தத் திரவம் அத்தகைய மெல்லிய கையுறையை 15 விநாடிக்குள் கடந்துவிடுகிறது என்று தெரிந்தது. அவர் கவனக்குறைவானவர் அல்லர், படிக்காதவரும் அல்லர். கையுறை இருந்தது. அந்த நஞ்சுக்கு அது உரிய கையுறையாக இல்லை.

இத்தகைய ஆபத்துகளுக்காகத்தான் உடைப் பொருளைக் கடிகாரம் வைத்துச் சோதிக்கும் முறை உள்ளது. உடைத்துண்டின் ஒரு பக்கம் நஞ்சை வைத்து, மறுபக்கம் அது எத்தனை நிமிடத்தில் தலை காட்டுகிறது என்று அளப்பார்கள். அமெரிக்காவில் 1981ஆம் ஆண்டில் இதற்குப் பொதுச் சோதனை விதி ஒன்று வெளியிடப்பட்டது. அதன் பிறகு, நல்ல கையுறை, மட்டமான கையுறை என்ற பேச்சு மாறியது. எந்த நஞ்சுக்கு, எத்தனை நிமிடத்துக்கு என்ற கேள்வி பிறந்தது.

இதற்குள் வேதியியலார் புதுப்புது ரப்பர்களைச் செய்துவிட்டிருந்தார்கள். 1930ஐ ஒட்டி அமெரிக்காவில் நியோபிரீன் வந்தது. அமிலம், காரம் இரண்டையும் அது நன்கு தாங்கும். அதே பத்தாண்டில் ஜெர்மனியில் நைட்ரைல் ரப்பர் வந்தது. பெட்ரோல், மசகெண்ணெய், பல பூச்சிமருந்துகள் ஆகியவற்றுக்கு அது ஏற்றது. 1937ஆம் ஆண்டில் பியூட்டைல் ரப்பர் கண்டுபிடிக்கப்பட்டது. காற்று கசியாத குணம் உடையது. நஞ்சு வாயுக்களையும் கடும் அமிலங்களையும் தடுப்பது. ஆனால் பெட்ரோலுக்கு ஆகாது. பாலிவினைல் ஆல்ககால் என்ற பொருளால் செய்த கையுறை ஒன்று உண்டு. பென்சீனை அது மணிக்கணக்கில் தடுக்கும். ஆனால் தண்ணீர் பட்டால் அதுவே கரைந்துவிடும்! ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பகைவன் இருக்கிறான்.

இப்போது மறுபடி கிம் கிம் ஆற்றங்கரைக்கு வருவோம். அங்கே பென்சீனும் டொலுவீனும் மட்டும் இருக்கவில்லை. அக்ரிலோநைட்ரைல், ஹைட்ரஜன் குளோரைடு ஆகியவையும் கண்டறியப்பட்டன. அக்ரிலோநைட்ரைலைப் பியூட்டைல் ரப்பர் தாங்கும், பென்சீனைத் தாங்காது. பென்சீனைத் தாங்கும் சில விலையுயர்ந்த ரப்பர்கள் அக்ரிலோநைட்ரைலுக்குத் தோற்றுவிடும். நைட்ரைல் ரப்பரோ அக்ரிலோநைட்ரைலைக் கொண்டே செய்யப்படுவது. அந்தத் திரவம் பட்டால் இனத்தோடு இனம் சேர்ந்துகொள்ளும். ஆகவே, என்ன சிந்தியது என்றே தெரியாத இடத்துக்கு, வேறு வேறு பிளாஸ்டிக் ஏடுகளை அடுக்கி ஒட்டிய துணியால் செய்த முழு உடை வேண்டும். ஓர் ஏட்டைக் கடக்கும் நஞ்சை அடுத்த ஏடு நிறுத்தும். அதோடு மூச்சுக்குத் தனிக் காற்று உருளையும் வேண்டும். தோலை மூடிவிட்டு மூக்கைத் திறந்துவைத்தால் பயன் என்ன? பயிற்சி பெற்றவர்கள்கூட நம் நாட்டு வெயிலில் இந்த உடையை நெடுநேரம் அணிய முடியாது. உடற்சூடு வெளியேற வழியில்லாமல் மயக்கம் வந்துவிடும்.

ஆகவே ஊர்மக்களுக்கு உரிய பாடம் வேறு. ஆற்றிலோ சாலையோரத்திலோ தெரியாத பீப்பாயும் வாடையும் கண்டால், துண்டைக் கட்டிக்கொண்டு பார்க்கப் போக வேண்டாம். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாக விலகிச் செல்லுங்கள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மேட்டு நிலத்துக்குப் போங்கள். 999 எண்ணுக்குத் தகவல் சொல்லுங்கள். அந்த நேரத்தில் தூரமே நமக்கு உடை.

சட்டத்தின் வரலாற்றையும் சொல்ல வேண்டும். 1974ஆம் ஆண்டில் பூச்சிமருந்துச் சட்டம் வந்தது. 1991ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் சுங்கை பூலோவில் ஒரு பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தத் துயரத்துக்குப் பின் 1994ஆம் ஆண்டில் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் நிறைவேறியது. தோட்ட வேலையும் அதன் கீழ் அடங்கும். அந்தச் சட்டத்தின் 26ஆம் பிரிவை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சட்டப்படி கொடுக்க வேண்டிய பாதுகாப்புப் பொருளுக்காகத் தொழிலாளியிடம் பணம் வசூலிக்கக் கூடாது என்கிறது அது. கையுறைக்கும் பூட்சுக்கும் சம்பளத்தில் பிடித்தால் கேள்வி கேட்கலாம். 2000ஆம் ஆண்டில் இரசாயனப் பொருள்களுக்கென்று தனி விதிமுறைகள் வந்தன. 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் திருத்தம் 2024ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் நடப்புக்கு வந்தது. உயிருக்கு உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாகக் கருதினால், முதலாளி அந்த ஆபத்தை நீக்காதபோது, தொழிலாளி அவ்விடத்தைவிட்டு விலகிக்கொள்ளும் உரிமையை அது தருகிறது.

பாராகுவாட் கதை என்ன ஆனது? தோட்டப்புறத்தில் பிறந்த ஐரின் பெர்னாண்டஸ் அம்மையார் தலைமையிலான தெனாகானித்தா அமைப்பு, மருந்தடிக்கும் பெண்களின் உடல்நிலையை ஆராய்ந்து 2002ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு அரசாங்கம் பாராகுவாட்டைப் படிப்படியாக விலக்க முடிவு செய்தது. 2006இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. இறுதியில் 2020ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாள் முதல் முழுத் தடை நடப்புக்கு வந்தது. அம்மையார் அதைக் காண உயிரோடு இல்லை, 2014இல் காலமாகிவிட்டார். நஞ்சுக்கு ஏற்ற உடையைத் தேடுவதைவிட, அந்த நஞ்சையே விலக்குவது பெரிய காவல் என்பதை அந்த 18 ஆண்டுப் போராட்டம் காட்டியது. வேலி வரிசையில் உடை கடைசி வேலி.

ஆனாலும் பாராகுவாட் போன இடத்தில் வேறு களைக்கொல்லிகள் இருக்கின்றன. கடைசி வேலியையும் சரியாகக் கட்ட வேண்டும். பெரட்டுக்குப் போகும் அண்ணன், அக்காமார்கள் சில செய்திகளை மனத்தில் வையுங்கள்.

மருந்துப் பாட்டிலின் லேபிளில் என்ன கையுறை என்று எழுதியிருக்கும். படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கொண்டு படிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு இரசாயனத்துக்கும் பாதுகாப்பு விவரத்தாள் என்று ஒன்று உண்டு. அதை மண்டோரிடமோ அலுவலகத்திலோ கேட்கலாம். அதிக ஆபத்து மருந்தடிக்கும்போது இல்லை. நீர் கலக்காத கெட்டி மருந்தை அளந்து ஊற்றும்போதுதான். அந்த நேரத்தில் கெட்டியான நைட்ரைல் கையுறை, முகத்தை மறைக்கும் தடுப்பு, நெஞ்சு முதல் முழங்கால்வரை மறைக்கும் பிளாஸ்டிக் ஏப்ரன், ரப்பர் பூட்ஸ் ஆகியவை வேண்டும். கால்சட்டையைப் பூட்சுக்கு வெளியே விடுங்கள். உள்ளே திணித்தால் வழியும் மருந்து பூட்சுக்குள் தேங்கும்.

கையுறையில் ஓட்டை உண்டா என்று பார்க்க, காற்றை அடைத்து மணிக்கட்டைச் சுருட்டித் தண்ணீரில் அமுக்குங்கள். குமிழி வந்தால் தூக்கி எறியுங்கள். உப்பிய கையுறையும் வெடித்த கையுறையும் வேலைக்கு ஆகாது. கழற்றுமுன் கையுறையோடு கையைக் கழுவுங்கள். மருந்து பட்ட உடுப்போடு பிள்ளையைத் தூக்காதீர்கள். அந்தத் துணியைத் தனி வாளியில், தனியாகத் துவையுங்கள். குழந்தைத் துணியோடு சேர்த்தால், தோட்டத்தில் பட்ட நஞ்சு தொட்டிலுக்கு வந்துவிடும்.

நேயர்களே, ரப்பர் மரத்தைப் பெற்று வளர்த்த இனம் நாம். அதன் பாலின் அருமையும் எல்லையும் நமக்குத்தான் முதலில் தெரிந்திருக்க வேண்டும். நாளைக் காலை யாராவது உங்கள் கையில் ஒரு கையுறையைக் கொடுத்தால், வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கும்போதே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது எந்த மருந்துக்கு?" பதில் தெரியும்வரை மூடியைத் திறக்காதீர்கள்.